கோலுக்கு ஏங்கும் இரு அணிகள்

ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடரில் இன்று (2021 ஜனவரி 18) கோவாவில் சென்னையின் எஃப்.சி.யும் ஈஸ்ட் பெங்காலும் மோதுகின்றன. இரு அணிகளும் தலா 11 ஆட்டங்களை முடித்துள்ளன. சென்னை அடித்தவை 10 கோல்கள்; ஈஸ்ட் பெங்கால் 11.

சென்னையின் தற்காப்பில் பெரிய குறை காண முடியாது. நான்கு ஆட்டங்களை அது கோலின்றிச் சமன் செய்திருக்கிறது. ஆனால், வாய்ப்புகளை உருவாக்கித் தந்த கேப்டன் ரஃபேல் கிரிவெல்லாரோ காயத்தால் விலகியது பேரிழப்பு. ஈஸ்ட் பெங்காலோ முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இங்கிலாந்து பிரீமியர் லீகில் 163 கோல்கள் அடித்த ராபி ஃபவுலர்தான் அதன் பயிற்சியாளர் என்பது நகைமுரண். ஜனவரியில் வந்துசேர்ந்த பிரைட் எனோபகாரே அந்த அணியின் தாக்குதலுக்கு உயிரூட்டியிருக்கிறார்.

டிசம்பர் 26 அன்று இவ்விரு அணிகளும் 2-2 எனச் சமன் கண்டன. சமன் தோல்வியைத் தவிர்க்கும், ஏற்றம் தராது. வெற்றிக்கு 3 புள்ளிகள், சமனுக்கு 1. ஐந்து சமன்களால் சென்னை பெற்றவை 5 புள்ளிகளே. அவற்றுள் இரண்டை வென்றிருந்தால் அதன் 14 புள்ளிகள் 18 ஆகியிருக்கும். முதல் நான்கு இடங்களுக்கே அரையிறுதி வாய்ப்பு. எஞ்சியவை 9 ஆட்டங்கள். கோல் வாங்காமல் காப்பதைவிட, கோல் அடிக்கத் துணிவதே இன்று சென்னைக்குத் தேவை.