இசைத்தட்டும் இழந்த யாழும்

யாழின் பெயரால் வழங்கும் நாட்டிலே வாழ்கின்றோம். ஆயினும் அந்த யாழ் எவ்வாறு ஒலித்தது என்பதைச் செவியால் அறிந்தார் எம்முள் எவருமிலர். சிலப்பதிகாரம் அதன் நரம்புகளையும் அவற்றிற் பிறந்த இசையையும் விரித்துரைக்கின்றது. அச்செய்திகளைப் பல்லாண்டு ஆராய்ந்து சுவாமி விபுலானந்தர் 1947இல் 'யாழ் நூல்' அளித்தார். ஏடு பொருளைக் காத்தது. ஒலியைக் காத்தற்கு அந்நாளில் வழியில்லை. அளவெட்டியில் எம் இல்லத்து இசைத்தட்டுப் பெட்டியைத் திறக்குந்தோறும் எனக்கு இந்நினைவே எழுகின்றது.

பாட்டனார் வாங்கியனவும் தந்தையார் சேர்த்தனவுமாக அதில் எண்பது தட்டுக்கள் இருந்தன. அவற்றுள் முதன்மையானது திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி. மணிக்கணக்காகத் தோடியை விரிக்க வல்ல அப்பெருமகனை அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை நிமிடத்துள் அடக்கிவிடுகின்றது. எனினும் அச்சிறு பொழுதில் அவர் எதனையும் விரைந்து சொல்வதில்லை. கூற வேண்டியதனை மட்டும் கூறி அமைகின்றார். குறட்பாவின் சுருக்கத்தை மாணாக்கர்க்கு விளக்கும்போது எனக்கு இத்தட்டே துணை.

1933இல் இளமையிலேயே மறைந்த கிட்டப்பாவின் குரல் இரைச்சலினூடே மெலிந்து வருகின்றது. வரினும், உச்சத்தைத் தொடும்போது அம்மெலிவு மறைந்துவிடுகின்றது. 'கொஞ்சும் சலங்கை' படத்தட்டிலே காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரமும் எஸ். ஜானகியின் குரலும் ஒன்றையொன்று தொடர்கின்றன. குழல் எது, குரல் எது என இளைஞர் மயங்குவதைக் கண்டு மகிழ்ந்திருக்கின்றேன். எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், 1963இல் வெளிவந்த நெடுந்தட்டு, எம் வீட்டின் வைகறையாக விளங்கியது.

1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் அற்றது, நெடுந்தட்டு ஊமையாயிற்று. அப்போது, கைப்பிடியைச் சுழற்றி வில்லை முறுக்கும் பழைய கிராமபோன் பெட்டியே பாடியது. ஊசி தேய்ந்தபோது தந்தையார் முள்ளைத் தீட்டிப் பொருத்தினார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்த இரவிலே, தட்டுக்களைச் சுமக்க இயலாது விட்டுச் சென்றோம். மீண்டபோது பதினேழு தட்டுக்களே முழுமையாக எஞ்சின. உடைந்த சில்லுகளையும் தந்தையார் எறிந்தாரல்லர். கடகத்தில் இட்டு வைத்தார். தோடி தப்பியது.

இன்று யான் மிகவும் போற்றுவது தட்டன்று, ஓர் ஒலிநாடா. இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்து 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு அது. படியெடுத்துப் படியெடுத்து மங்கிய அந்நாடாவிலே தவிலோடு திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரமும், ஒரு குழந்தையின் அழுகையும் கேட்கின்றன. நுட்பமானதொரு கோர்வை முடியும் வேளையில் கூட்டம் ஒருகணம் மூச்சடங்குகின்றது. அம்மௌனத்தை எந்த ஏடு எழுதிக் காட்டும்?

2003இல் மறைந்த நாதசுரக் கலைஞர் பத்மநாதனும் இவ்வூரவரே. இவர்கள் வாசிப்பைப் பதிந்த நாடாக்கள் இன்னும் எத்தனையோ வீடுகளின் பரண்களிற் கிடத்தல் கூடும். அவற்றிற் பூஞ்சணம் படியுமுன் தேடி எடுத்து, புதிய கருவிகளிற் பதிவு செய்தல் ஆசிரியரும் மாணவரும் இன்றே செய்யத்தக்க தமிழ்ப்பணி. யாழைக் கேட்கும் பேறு எமக்கு வாய்க்கவில்லை. தவிலைக் கேட்கும் பேறு எம் பெயரர்க்கு வாய்க்கட்டும்.