பாலைநிலத்திலே ஒரு பூந்தோட்டம்

பாலைநிலம் என்றதும் மணலும் முள்ளுமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயினும், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திற் பரந்துள்ள சொனோரன் பாலைநிலம் ஆண்டிற்கு இருமுறை, மாரியிலும் கோடையிலும், மழை பெறுவது. ஆதலின் அங்கே பூஞ்செடிகளும் உண்டு, வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு.

அவற்றைத் தோட்டத்திற்கு அழைக்க விரும்புவோர் இருவகைச் செடிகளைத் தேர்தல் வேண்டும். ஒன்று, தேன் தரும் செடி. மற்றையது, புழுவுக்கு இரையாகும் செடி. 'இராணி' எனப்படும் செம்பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். 'மூடுபனிப்பூ' என்னும் நீலமலர்ச் செடியை அதன் ஆண்பூச்சிகள் மொய்க்கும். பெண்ணைக் கவரும் மணத்தை ஆக்குதற்கு வேண்டிய பொருளை அங்கிருந்தே அவை பெறுகின்றன. பெண்பூச்சியோ பாற்செடியை நாடி முட்டையிடும். சிறிதளவு நீரிலேயே வாழும் பாலைநிலப் பாற்செடி, நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது.

புழு தின்ற செடி அழகற்றதென்று நஞ்சு தெளித்தால், நாளைய வண்ணத்துப்பூச்சியையே கொன்றவராவோம். புழுவை வெறுப்போர்க்குச் சிறகின் அழகு கிட்டாது.

இராணியின் இனத்துப் பூச்சியொன்று நம் நாட்டு எருக்கிலும் முட்டையிடுகின்றது. மாணவர்களே, வேலியோரத்து எருக்கை வெட்டுமுன் அதன் இலைகளைப் புரட்டிப் பாருங்கள்.