குடும்ப அட்டை காணாமற் போனால்

நேயர்களே, பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் பலர். மும்பையின் தாராவியிலும், தில்லியிலும், சூரத்திலும், பெங்களூரிலும் குடியேறிய உழைப்பாளர் இல்லங்களில், தகரப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைக்கப்படும் பொருள்களுள் ஒன்று குடும்ப அட்டை. ரேஷன் கார்டு என்றே யாவரும் வழங்கும் அவ்வட்டை, இரயில் பயணத்தில் தவறிவிடுவது உண்டு. மழைநீர் புகுந்த வீட்டில் நனைந்து பாழாவதும் உண்டு. அட்டை போயிற்று என்றவுடன், மாதந்தோறும் வரும் அரிசியும் போயிற்று என்று கலங்குவோர் பலர். அக்கலக்கம் வேண்டுவதில்லை என்பதையும், அதற்காக வாளாவிருத்தலும் தகாது என்பதையும் இன்று எடுத்துக் கூற விரும்புகிறோம்.

இவ்வச்சம் காரணமின்றி எழுந்ததன்று. இரண்டாம் உலகப் போர் நடந்த 1943ஆம் ஆண்டில், வங்காளத்தில் கொடும் பஞ்சம் நிலவிய வேளையில், பம்பாய் நகரில் பங்கீட்டு முறை தொடங்கியது. பின்னர் அது நாடெங்கும் பரவிற்று. நெடுங்காலம் வரையில் அட்டையே கணக்குப் புத்தகமாகவும் இருந்தது. வாங்கிய அரிசியையும் சர்க்கரையையும் கடைக்காரர் அதிலேயே குறித்துக் கொடுப்பார். அட்டை எந்தக் கடைக்கு உரியதோ அந்தக் கடையில் மட்டுமே பொருள் கிடைக்கும். ஆகவே அட்டையை இழந்தவர் கணக்கையும் இழந்தார். ஊரை விட்டுச் சென்றவர் உரிமையைப் பயன்படுத்தும் வழியையே இழந்தார்.

இந்நிலை இப்போது மாறிவிட்டது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு தானியத்தை ஒரு சட்ட உரிமையாக்கியது. அதன்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. மிகவும் வறிய நிலையிலுள்ள அந்தியோதயக் குடும்பம் ஒன்றுக்கு மாதம் 35 கிலோ உண்டு. 2023 ஜனவரி முதல் இத்தானியம் விலையின்றி வழங்கப்படுகிறது. இவ்வுரிமை அட்டையில் உறைவதன்று. அரசாங்கத்தின் மின்னணுப் பதிவேட்டில் உங்கள் குடும்பத்தாரின் பெயர்களோடும் ஆதார் எண்களோடும் சேர்த்துப் பதியப்பட்டிருப்பது. அட்டை அப்பதிவைச் சுட்டிக் காட்டும் அடையாளம் மட்டுமே. வங்கியின் கணக்குப் புத்தகம் தொலைந்தால் பணம் தொலைந்துவிடுவதில்லை அன்றோ? அதனைப் போன்றதே இதுவும்.

அயல் மாநிலத்தில் வாழ்வோர்க்கு இதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' என்னும் ஏற்பாடு 2019 ஆகஸ்டில் ஆந்திரம், தெலங்கானா, குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் அதில் இணைந்தது. 2022 ஜூன் மாதத்திற்குள் எல்லா மாநிலங்களும் இணைந்துவிட்டன. இதன்படி, சட்டத்தின்கீழ் வரும் அட்டையை உடையவர் நாட்டின் எந்த நியாய விலைக் கடைக்கும் சென்று, அட்டையின் எண்ணையோ ஆதார் எண்ணையோ கூறி, கருவியில் விரலை வைத்துத் தம் பங்கைப் பெறலாம். அட்டையைக் கையில் கொண்டு செல்ல வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அட்டை தொலைந்த மாதத்திலும் அடுப்பு அணைய வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும்.

குடும்பம் பிரிந்து வாழ்ந்தாலும் இம்முறை பயன் தரும். நால்வர் கொண்ட முன்னுரிமைக் குடும்பத்தின் பங்கு 20 கிலோ என்று கொள்வோம். தந்தை சூரத்தில் 5 கிலோ பெற்றுக்கொண்டால், எஞ்சியதை ஊரில் இருக்கும் மனைவி மக்கள் தம் கடையில் பெறலாம். கணக்கு இரண்டிடத்திலும் ஒன்றே.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. அதை மறைத்தல் முறையன்று. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களுக்கும் அட்டை உண்டு எனினும், அவை எல்லாம் மத்தியச் சட்டத்தின்கீழ் வருவனவல்ல. அட்டையில் பி.எச்.எச். என்றோ, பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றோ இருப்பின் அது சட்டத்தின்கீழ் வரும். என்.பி.எச்.எச். என்று இருப்பின், அது முன்னுரிமையற்ற அட்டை. தமிழ்நாட்டின் சொந்தத் திட்டத்தால் ஊரில் அரிசி தருமேயன்றி அயல் மாநிலத்தில் செல்லாது. முன்னுரிமை அட்டைக்கும் வெளியில் கிடைப்பது தானியம் மட்டுமே. தமிழ்நாட்டுக் கடையில் கிடைக்கும் சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில் ஆகியவை அங்குக் கிடைக்கமாட்டா. வடபுலத்தில் அரிசியோடு கோதுமையும் சேர்ந்து வருதல் இயல்பு. இவ்வெழுத்துகளைப் பாராமல் கடைக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பி, கடைக்காரரைக் குறைகூறுதல் பயன் தராது.

இனி, அட்டை தொலைந்தால் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, எண்ணைத் தேடுக. பழைய இரசீதிலும், கடையிலிருந்து கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியிலும் அட்டையைப் பற்றிய விவரம் இருத்தல் கூடும். அட்டையைப் படம் எடுத்து வைத்திருப்பின் வேலை எளிது. ஒன்றும் இல்லையெனினும் ஆதார் எண் கைகொடுக்கும்.

இரண்டாவது, அந்த அட்டையை வழங்கிய மாநிலம் எது என்பதைக் கருதுக. நகல் அட்டையை அந்த மாநிலமே தர இயலும். தமிழ்நாட்டு அட்டையின் நகலை மும்பை அலுவலகத்தில் கேட்டல் வீண் அலைச்சல். தமிழ்நாட்டு அட்டையாயின், உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்தில் நகல் அட்டைக்கு மனுச் செய்யலாம். ஊரில் உள்ள உறவினர் வழியாக மின் சேவை மையத்தையோ வட்ட வழங்கல் அலுவலகத்தையோ அணுகுதலும் தகும். விவரம் கேட்க 1800-425-5901 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' பற்றிய ஐயங்களுக்கு 14445 என்னும் எண் அமைந்துள்ளது.

நீங்கள் வாழும் மாநிலமே வழங்கிய அட்டையாயின், அவ்வூரின் வழங்கல் அலுவலகத்தை நாடவேண்டும். மகாராஷ்டிரத்தில் இவ்வட்டையை 'ஷிதாபத்ரிகா' என்பர். கன்னட நாட்டில் 'படிதர சீட்டி' என்பர். இந்தி வழங்கும் இடங்களில் 'ராஷன் கார்டு' என்றாலே போதும். சொல்லை அறிந்து சென்றால் அலுவலகத்தில் பாதித் தொல்லை நீங்கும். தொலைந்த அட்டைக்குக் காவல் நிலையத்தில் பதிவு செய்த சான்றைச் சில இடங்களில் கேட்பர். ஆதலின் அதை முன்னரே பெற்றுக்கொள்ளுதல் நன்று. கிழிந்த அட்டையை எறிந்துவிடாதீர்கள். எஞ்சிய துண்டையும் மனுவோடு காட்டுக. மனுக் கொடுத்ததற்கு ஒப்புகை எண்ணைக் கேட்டுப் பெறுவது மிகவும் அவசியம்.

இவ்வழியில் இடறச் செய்யும் கற்கள் இரண்டு. ஒன்று, கைப்பேசி எண். இணையதளத்தில் நுழைவதற்கு வேண்டிய கடவு எண், பதிவேட்டில் உள்ள கைப்பேசிக்கே செல்லும். பல குடும்பங்களில் அது என்றோ கைவிட்ட எண்ணாகவோ, ஊரில் இருக்கும் முதியவரின் எண்ணாகவோ இருக்கிறது. அட்டை நலமாக இருக்கும் காலத்திலேயே அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று, கைரேகை. சிமெண்டு கலக்கும் கைகளும், சலவைக் காரத்தில் தோய்ந்த கைகளும் ரேகை தேய்ந்து போவன. கருவி ஏற்க மறுத்தால், உரிமை இல்லை என்பது பொருளன்று. வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். ஆதார் இணைந்த மற்றொரு குடும்ப உறுப்பினர் விரலை வைக்கலாம். கண்விழி பார்க்கும் கருவியோ கைப்பேசிக் கடவு எண்ணோ உள்ள கடையில் அவ்வழியே பெறலாம். குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒருமுறை அடையாளச் சரிபார்ப்பை முடித்திருக்க வேண்டும் என்று இப்போது விதித்துள்ளனர். அதனைத் தாம் வாழும் ஊரின் நியாய விலைக் கடையிலேயே முடிக்கலாம். அதற்கென்று ஊருக்கு இரயில் ஏற வேண்டியதில்லை.

செய்யத் தகாதனவும் சில உள. பழைய அட்டை இருக்கும்போதே வேறு மாநிலத்தில் இன்னோர் அட்டை வாங்க முயலாதீர்கள். ஒரே ஆதார் எண் இரண்டு இடங்களில் தோன்றினால் இரண்டு அட்டைக்கும் இடையூறு வரும். குடும்பத்தோடு நிலையாகக் குடியேறியவர்கள் முறைப்படி பெயரை நீக்கிச் சான்று பெற்று, அதைக் காட்டிப் புதிய அட்டைக்கு மனுச் செய்வதே நேரிய வழி. அட்டையை அடகு வைத்தல் கூடாது. பொருள் கொடுத்த பின் அட்டையைக் கடைக்காரர் தம்மிடம் வைத்துக்கொள்ளுதல் விதிக்கு முரணானது. கேட்டுத் திரும்பப் பெறுதல் உங்கள் உரிமை. அலுவலக வாயிலில் நின்று, நூறும் இருநூறும் கேட்கும் தரகரை நம்புதல் வேண்டா. உரிய பங்கு மறுக்கப்பட்டால், அச்சட்டத்தின்படி மாவட்டந்தோறும் குறை தீர்க்கும் அலுவலர் ஒருவர் உண்டு, அவருக்கு எழுதலாம்.

மேலும் ஒரு செய்தி. 2015ஆம் ஆண்டின் பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை, ரேஷன் அட்டையை அடையாளச் சான்றாகவோ இருப்பிடச் சான்றாகவோ கொள்ளலாகாது என்று கூறுகிறது. ஆகவே, அட்டை போனதனால் இந்நகரில் தங்கும் உரிமையே போயிற்று என்று யாரேனும் அச்சுறுத்தினால் அஞ்ச வேண்டா. அட்டை உணவுக்கு உரியது. இந்திய நாட்டின் எந்தப் பகுதியிலும் வாழும் உரிமையோ அரசியல் சாசனம் அளித்தது.

நேயர்களே, இன்று மாலையே அட்டையை எடுத்து மூன்றைப் பாருங்கள்: அட்டையின் எண், அதன் வகையைக் காட்டும் எழுத்துகள், பதிவேட்டில் உள்ள கைப்பேசி எண். அவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு படி நீங்களும் ஒரு படி ஊரில் உள்ளோரும் வைத்திருங்கள். படிக்க அறியாத அண்டை வீட்டார் இருப்பின் அவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். பின்னர் ஒருநாள் அட்டை தவறினாலும் அம்மாதத்து அரிசி தவறாது.