தென்னாப்பிரிக்க இந்தியர்களின் வரலாற்றில் கொல்கத்தாவின் பங்கு என்ன?

கொல்கத்தா: ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள கிதர்பூர், கார்டன் ரீச் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தத் தொழிலாளர் முகாம்கள் இயங்கின. பிரிட்டிஷ் காலனிகளின் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள், கப்பல் ஏறும் நாள் வரை இங்கு தங்கவைக்கப்பட்டனர். அவர்களின் நினைவாக 2011 ஜனவரியில் கிதர்பூரில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. மொரீஷியஸ், கயானா, டிரினிடாட், பிஜி ஆகிய இடங்களைப் போலவே, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கும் கொல்கத்தாவில் இருந்து கப்பல்கள் புறப்பட்டன.

இந்த வரலாற்றில் கொல்கத்தா ஒரு துறைமுகமாக மட்டும் இடம்பெறவில்லை. 1911 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரமும் இதுவே. நேட்டாலுக்குத் தொழிலாளர்களை அனுப்ப அனுமதித்ததும், அங்கு அவர்கள் மீது வரி விதிக்க இசைந்ததும், இறுதியில் அனுப்புவதை நிறுத்தியதும் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுதான்.

நேட்டாலுக்கு ஏன் இந்தியர்கள்?

நேட்டாலை 1843இல் பிரிட்டன் தனது ஆட்சிப் பகுதியுடன் இணைத்துக்கொண்டது. அதன் கடலோரத்தில் ஐரோப்பியர்கள் கரும்புத் தோட்டங்களை உருவாக்கினர். சொந்த நிலமும் கால்நடையும் வைத்திருந்த ஜூலு மக்கள், குறைந்த கூலிக்குத் தோட்டங்களில் நெடுங்காலம் உழைக்க முன்வரவில்லை. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஏற்கெனவே ஒழிக்கப்பட்டிருந்தது. எனவே, தோட்ட உரிமையாளர்களின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது.

சென்னையில் இருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனை அடைந்தது. பத்து நாட்களுக்குப் பின்னர் கொல்கத்தாவில் இருந்து 'பெல்வெடர்' கப்பல் வந்து சேர்ந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் நேட்டாலுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறிய தமிழர்களும் தெலுங்கர்களும் ஆவர்.

கொல்கத்தாவில் கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள் அல்லர். இன்றைய பிகார், உத்தரப் பிரதேசக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். ஆயினும் நேட்டாலில் அவர்கள் 'கல்கத்தியா' என்றும், தென்னிந்தியர்கள் 'மதராசி' என்றும் அழைக்கப்பட்டனர். கப்பல் ஏறிய துறைமுகமே ஒரு சமூகத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

கூலியை மிஞ்சிய வரி

ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகள். தொடக்கத்தில் மாதக் கூலி 10 ஷில்லிங். உணவும் தங்குமிடமும் வழங்கப்பட்டன. பத்து ஆண்டுகளை நிறைவு செய்தவர்களுக்கு இலவசமாகத் தாயகம் திரும்பும் உரிமை இருந்தது. 1871இல் சென்னைக்குத் திரும்பிய முதல் தொழிலாளர்கள், தங்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் குறித்துப் புகார் அளித்தனர். அதையடுத்து 1872இல் நேட்டாலில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1866இல் நின்றுபோயிருந்த கப்பல் பயணம் 1874இல் மீண்டும் தொடங்கியது.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே குடியேறி வேளாண்மையிலும் வணிகத்திலும் ஈடுபட்டது வெள்ளையர்களுக்குப் போட்டியாக அமைந்தது. அவர்களைத் திருப்பி அனுப்ப அல்லது மீண்டும் ஒப்பந்தத்தில் சேர்க்க ஆண்டுக்கு 25 பவுண்டு வரி விதிக்க நேட்டால் அரசு திட்டமிட்டது. வைஸ்ராய் எல்ஜின் பிரபு அதை ஏற்கவில்லை. 3 பவுண்டு வரிக்கு இசைந்தார். 1895இல் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 16 வயதைக் கடந்த ஆண்களுக்கும் 13 வயதைக் கடந்த பெண்களுக்கும் இவ்வரி பொருந்தியது.

காந்தியடிகள் தமது சுயசரிதையில் இதன் சுமையை விளக்கியுள்ளார். கணவன், மனைவி, இரு பிள்ளைகள் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 12 பவுண்டு, அதாவது 240 ஷில்லிங் செலுத்த வேண்டும். கணவனின் சராசரி மாத வருவாயோ 14 ஷில்லிங்கைத் தாண்டவில்லை. ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் அது 168 ஷில்லிங் மட்டுமே.

கொல்கத்தாவில் ஒலித்த குரல்

1896இல் காந்தி கொல்கத்தாவுக்கு வந்து சுரேந்திரநாத் பானர்ஜியையும் பத்திரிகை ஆசிரியர்களையும் சந்தித்து ஆதரவு திரட்ட முயன்றார். 1901இல் இங்கு நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டில் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் குறித்த தீர்மானத்தை முன்மொழிந்தார். 1910 பிப்ரவரியில், நேட்டாலுக்கு ஆள் சேர்ப்பதைத் தடை செய்யக் கோரும் தீர்மானத்தை கோபால கிருஷ்ண கோகலே மத்திய சட்ட மேலவையில் கொண்டுவந்தார். 1911 ஜூலை முதல் நேட்டாலுக்குத் தொழிலாளர்களை அனுப்புவது நிறுத்தப்பட்டது.

எனினும் வரி நீடித்தது. அதற்கு எதிராக 1913இல் சுரங்கத் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தனர். அதே ஆண்டு சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி தமது 16ஆவது வயதில் உயிரிழந்தார். அவ்வாண்டே வரி ரத்து செய்யப்பட்டது.

இன்றும் தொடரும் எச்சங்கள்

1913ஆம் ஆண்டு நிலச் சட்டம், கறுப்பினத்தவருக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை மட்டுமே ஒதுக்கியது. 1936இல் இது சுமார் 13 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 1950ஆம் ஆண்டு குழுப் பகுதிகள் சட்டம், டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் இருந்து இந்தியர்களையும் வெளியேற்றியது. தனிநபர்களுக்குச் சொந்தமான விவசாய நிலத்தில் 72 சதவீதம் வெள்ளையர்களிடம் இருப்பதாக 2017ஆம் ஆண்டு அரசுத் தணிக்கை தெரிவித்தது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மக்கள்தொகையில் வெள்ளையர் 7.3 சதவீதம், இந்தியரும் பிற ஆசியரும் 2.7 சதவீதம்.

பெயர்களிலும் காலனியாட்சியின் தடம் உண்டு. கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். ஊரில் சாதியைக் குறித்த பட்டங்கள், அங்கு குடும்பப் பெயர்களாக மாறின.

தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் காலனி அரசு ஓர் எண் வழங்கியது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் ஆகியவை பதிவாயின. ஆட்களைக் கணக்கில் வைக்க எழுதப்பட்ட அப்பட்டியல்களே, இன்று கொள்ளுப்பேரப்பிள்ளைகளுக்குப் பூர்விக ஊரைத் தேட உதவுகின்றன. ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை அடையாளம் காண முடியாவிட்டால், தேடல் மாவட்டத்தின் பெயரோடு நின்றுவிடுகிறது.