கைபேசிக்கு வந்த செய்தி கிராம சபைக்குப் போகட்டும்

(நமது பாறசாலை நிருபர்)

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் ரயில் பாதையில் கேரளத்தின் கடைசி நிலையம் பாறசாலை. சாலை வழியே சென்றால் அடுத்து களியக்காவிளை. அங்கே தமிழகம் தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. தமிழர்கள் கேட்டும் நெய்யாற்றின்கரை தாலுகா கிடைக்கவில்லை. ஆகவே இந்த எல்லைக் கிராமங்களில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

இக்குடும்பங்களின் பெண்களுக்குக் கைபேசி என்ன செய்திருக்கிறது?

முன்பெல்லாம் கிராம சபை நோட்டீஸைச் சுவரில் ஒட்டுவார்கள். தேநீர்க் கடையில் கூடும் ஆண்களுக்கு முதலில் தெரியும். அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்குக் கூட்டம் முடிந்த பிறகே தெரியவரும். 1998-இல் குடும்பஸ்ரீ திட்டம் வந்தது. பெண்கள் அயல்கூட்டங்களில் வாரந்தோறும் கூடினார்கள். இப்போது அயல்கூட்டத்துக்கென வாட்ஸ்அப் குழுவும் இருப்பதால், நோட்டீஸ் நேராகச் சமையலறைக்கே வந்துவிடுகிறது. 2010 தேர்தல் முதல் கேரள உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. வார்டு மெம்பரே பெண் என்றால், அவரிடம் கேட்கக் கூச்சமும் குறைகிறது.

எழுத்து ஒரு தடை

2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பாராட்ட வேண்டியதே. ஆனால் விளவங்கோடு பக்கத்திலிருந்து இங்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண், மலையாளம் சரளமாகப் பேசினாலும் படிக்கத் திணறுவாள். அவளுக்கு மலையாளத்தில் வரும் நோட்டீஸ் வெறும் படந்தான். அதையே யாரேனும் குரலில் பேசி அனுப்பினால் உடனே புரிந்துவிடும். சில வீடுகளில் குழுவில் இருப்பது கணவரின் எண். செய்தி அங்கேயே நின்றுவிடும்.

மூணாறு தரும் பாடம்

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பெயரில் போராடியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று நாட்கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸும் 500 ரூபாய் கூலியும் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி வைத்து, ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். தொலைக்காட்சியும் கைபேசியும் செய்தியை ஊரெங்கும் பரப்பின. பிறகு கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. தலைவர்களில் ஒருவரான கோமதி அவ்வாண்டே தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துத் தேர்தலில் வென்றார். கைபேசி செய்தியைத் தூக்கிச் சென்றது. ஆனால் வெயிலில் உட்கார்ந்தவர்கள் பெண்கள்தாம்.

வசைக்கு அஞ்ச வேண்டாம்

பொதுக்காரியத்துக்கு வரும் பெண்ணைப் பற்றிக் கைபேசியில் அவதூறு பரப்புவோரும் இருக்கிறார்கள். அதற்குப் பயந்தே பலர் குழுவில் வாய் திறப்பதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 79-ஆவது பிரிவு, பெண்ணின் மானத்தைக் குலைக்கும் எண்ணத்தோடு பேசுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. வந்த செய்தியை அழிக்காமல் வைத்திருந்து காவல் நிலையத்தில் புகார் செய்யலாம்.

குழுவில் கட்டைவிரல் படம் போடுவது வாக்காகாது. கேரளச் சட்டப்படி ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கிராம சபை கூட வேண்டும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வீடு, குடிநீர் போன்ற உதவிகளுக்கான பயனாளிகள் பட்டியல் வருவது அங்கேதான். அங்கே எழுந்து கேட்டதுதான் குறிப்புப் புத்தகத்தில் ஏறும்.

ஆகவே, வேலைக்குப் போகும் தமிழ்ச் சகோதரர்களே! அயல்கூட்டக் குழுவில் உங்கள் எண்ணுக்குப் பதில் மனைவியின் எண்ணைக் கொடுங்கள். நோட்டீஸ் வந்தால் படித்துச் சொல்லுங்கள். கூட்ட நாளன்று பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரை அனுப்பி வையுங்கள்.