கத்தி படும் முன்னே காணும் மூளை

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.3 கிலோகிராம். நம் நினைவு, பேச்சு, நடை, பார்வை யாவும் அதற்குள் அடக்கம். அங்கே சில மில்லிமீட்டர் வழி தவறினாலும் ஒருவர் தம் பேச்சையோ கையசைவையோ இழக்க நேரலாம். ஆகவே மூளை அறுவை சிகிச்சையில், கத்தியை எடுப்பதற்கு முன்னர்த் தீட்டும் திட்டமே பாதி சிகிச்சை எனலாம். அத்திட்டத்தை நோயாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வகுக்க உதவும் புதிய துணை, கலப்பு மெய்மைத் தொழில்நுட்பம்.

நிழற்படத்திலிருந்து உருவத்துக்கு

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேன் மூலம் படமெடுக்கப்பட்டது. அக்கருவியை உருவாக்கிய பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு 1979-இல் ஆலன் கார்மாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மென்திசுக்களை இன்னும் தெளிவாகக் காட்டியது.

எனினும் இப்படங்கள் வாழைத்தண்டை வட்ட வட்டமாக அரிந்து அடுக்கியதைப் போன்றவை. வில்லைகளைப் பார்த்து முழுத்தண்டையும் மனத்தில் ஒட்டவைக்கும் வேலை அறுவை மருத்துவருடையது. பல்லாண்டுப் பயிற்சியால் அவருக்கு அது கைவருகிறது. நோயாளிக்கும் குடும்பத்தாருக்குமோ அவை வெறும் கறுப்பு வெள்ளை நிழல்கள்.

கலப்பு மெய்மை இந்த வில்லைகளை மீண்டும் ஒன்றுசேர்க்கிறது. பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ ஆகிய இருவர் 1994-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இச்சொல்லுக்கு இலக்கணம் வகுத்தது. மெய்நிகர் கருவி சுற்றுப்புறத்தை முற்றிலும் மறைத்துவிடும். கலப்பு மெய்மைக் கண்ணாடியோ எதிரே உள்ள அறையையும் காட்டி, அதன் நடுவே கணினி உருவத்தையும் நிறுத்தும். மைக்ரோசாஃப்ட் 2016-இல் வெளியிட்ட ஹோலோலென்ஸ் இவ்வகையில் பலரும் அறிந்த கருவி.

ஸ்கேன் படங்களிலிருந்து மண்டையோடு, கட்டி, இரத்தக் குழாய்கள், நரம்பிழைகள் ஆகியவற்றை மென்பொருள் தனித்தனியே பிரித்து வெவ்வேறு வண்ணம் தீட்டுகிறது. கண்ணாடியை அணிந்த மருத்துவரின் முன் அந்நோயாளியின் மூளை காற்றில் மிதக்கிறது. அவர் அதனைச் சுற்றி நடக்கலாம், கையசைவால் திருப்பலாம், ஒவ்வோர் அடுக்காக நீக்கி உள்ளே நோக்கலாம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வழி

பாடநூலில் உள்ள மூளை எவருடைய மூளையும் அன்று. ஒரே அளவுள்ள கட்டி, ஒரே பக்கத்தில், இருவருக்கு இருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு அதன் மேல் பெரிய சிரை ஒன்று படர்ந்திருக்கும். மற்றவருக்குப் பேச்சுக்குரிய நரம்பிழைகள் அதனையொட்டிச் செல்லும். முன்னவருக்கு ஏற்ற வழி பின்னவருக்கு ஆபத்தாகலாம். எங்கே மண்டையோட்டைத் திறப்பது, எந்தக் கோணத்தில் செல்வது, எதனைத் தொடாமல் விடுவது என்பவற்றை முன்கூட்டியே பலவாறு ஒத்திகை பார்க்க இவ்வுருவம் இடமளிக்கிறது.

இத்தகைய ஒத்திகையின் பயனை, உறவுத் தொழில்நுட்பமாகிய மெய்நிகர் மெய்மையைக் கொண்டு 2022-இல் உலகம் கண்டது. தலை ஒட்டிப் பிறந்த பிரேசில் நாட்டு இரட்டையர், ஏறத்தாழ நான்கு வயதில், ரியோ டி ஜெனிரோவில் பிரிக்கப்பட்டனர். முன்னர் நடந்த அறுவைகளின் தழும்புத் திசு வழியை மேலும் கடினமாக்கியிருந்தது. லண்டனின் நூர் உல் ஒவாஸ் ஜீலானியும் ரியோவின் கேப்ரியல் முஃபாரேஜும் தலைமையேற்ற குழுவினர், ஸ்கேன் படங்களால் அமைத்த உருவத்தின்மேல் பல மாதங்கள் பயிற்சி செய்தனர். வெவ்வேறு நாட்டில் இருந்தவாறே ஒரே மெய்நிகர் அறையில் சேர்ந்து நின்றனர். மொத்தம் 7 அறுவைகள். ஏறத்தாழ 100 மருத்துவப் பணியாளர்கள்.

எல்லையும் உண்டு

மண்டையோட்டைத் திறந்து மூளைத் தண்டுவட நீர் வடியும்போது மூளை சற்றே இடம்பெயர்கிறது. முன்னர் எடுத்த ஸ்கேனிலிருந்து அமைந்த உருவம் அதற்கேற்பத் தானே நகர்வதில்லை. அந்நேரத்தில் அறுவை அரங்கின் அல்ட்ராசவுண்டு, வழிகாட்டிக் கருவி, அனைத்துக்கும் மேலாக மருத்துவரின் கைத்திறன் ஆகியவையே துணை. கருவிகளும் நிலையானவை அல்ல: ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பை அந்நிறுவனம் 2024-இல் நிறுத்திவிட்டது. ஆகவே ஒரு கருவியின் பெயரை மட்டும் கேட்டு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது.

கையெழுத்துக்கு முன்

வங்கியில் எந்தப் படிவத்தையும் படித்து அறிந்தபின் ஒப்பமிடுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நாம் கூறுகிறோம். மருத்துவமனையின் ஒப்புதல் படிவத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைப் போதுமான அளவு அறிந்து தரும் ஒப்புதலே செல்லும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தம் தலைக்குள் இருக்கும் கட்டியை முப்பரிமாணத்தில் காணும் ஒருவருக்குக் கேள்விகள் தாமே பிறக்கும். இவ்வசதி இல்லாத இடத்திலும் அதே கேள்விகளைக் கேட்கலாம்: கட்டி எங்கே உள்ளது? எந்த வழியாகச் செல்வீர்கள்? அவ்வழியில் எதற்கு ஆபத்து? அறுவை இன்றிக் காத்திருந்தால் என்னவாகும்? பொறுமையாக விடையளிக்கும் மருத்துவரிடம் ஒரு தாளில் படம் வரைந்து காட்டச் சொன்னாலும் போதும்.

செலவையும் முன்னரே அறிந்துகொள்வது நன்று. ஆழ்மூளைத் தூண்டல், ரோபோ அறுவை, அறுவையின்போது நரம்புக் கண்காணிப்பு முதலிய நவீன சிகிச்சைகளைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது எனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வழிகாட்டியது. மேல்வரம்பு விதிக்க மட்டும் இடமுண்டு. அப்பட்டியலில் கலப்பு மெய்மை தனியே இடம்பெறவில்லை. அதற்கெனத் தனிக் கட்டணம் உண்டா என்பதை மருத்துவமனையிடமும், அது ஏற்கப்படுமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுக. வீட்டில் 70 வயது நிறைந்தோர் இருப்பின், வருமான வேறுபாடின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பயனளிக்கும் ஆயுஷ்மான் அட்டையை நலமாக இருக்கும்போதே பெற்று வைத்தல் அறிவுடைமை.