பழைய தேக்குக்கு இழைப்புளி எதற்கு?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த வீடுகளின் தூணும் கதவும் உத்தரமும் விலைக்குக் கிடைக்கும். நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் கப்பலேறி வந்த தேக்கும் அதில் உண்டு. அப்படி ஒரு பலகையை மேசைக்கென்று வாங்கி வருபவர்கள், ஆசாரியிடம் முதலில் கேட்பது இழைப்புளி போடத்தான். மரத்தின் வயது அதோடு போயிற்று.

வெயிலிலும் மழையிலும் கிடந்த மரம் சாம்பல் பூத்திருப்பது மேல்தோலில் மட்டுமே. இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர் சிதைக்க, மழை அதைக் கழுவிவிடுகிறது. அந்தச் சாம்பல் அடுக்கு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. இழைப்புளி நாலு தடவை ஓடினால் உள்ளிருக்கும் பொன்னிறம் வந்துவிடும். அதற்குப் புதுப் பலகையே வாங்கியிருக்கலாம்.

பழைய பலகையின் மேடு பள்ளத்தில், கையைக் குத்துவது மேடு. பழமையைக் காட்டுவது பள்ளம். மேட்டின் சிலும்பை எடுத்தால் போதும். அதனால் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். ஸ்பாஞ்சில் சுற்றினால், அது மேடு பள்ளத்தோடு வளைந்து போகும். 60-ஆம் எண் தாள் கீறல் விடும். 120-இல் தொடங்கி, ரேகை போகிற திசையிலேயே லேசாகத் தேயுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால், அமுங்கிக் கிடந்த இழைகள் நிமிர்ந்து நிற்கும். 220 தாள் அவற்றை வழித்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் பலகை மேல் காந்தத்தை ஓட்டி, ஒளிந்திருக்கும் ஆணியைக் கண்டுபிடித்துப் பிடுங்க வேண்டும். அழுக்கெடுக்கப் பித்தளைக் கம்பி பிரஷ் நல்லது. இரும்பு பிரஷின் துணுக்குகள் மரத்தில் தங்கித் துருவேறிக் கரும்புள்ளியாகும். பழைய ஆணி ஓட்டையைச் சுற்றிய கருவளையமும் இரும்பும் மரத்தின் டானினும் கலந்து வந்ததுதான். ஆக்ஸாலிக் அமிலம் அதை வெளுக்கும். ஆனால் பலகையிலேயே அழகான இடம் அதுதான் என்பேன்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலரத் தேய்க்கவே கூடாது. தேக்குத் தூளும் தோலையும் மூச்சையும் உறுத்தும், முகக்கவசம் அவசியம்.

கடைசியில், பளபளக்கும் வார்னிஷுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.